ஹாயெக் முதல் ராஜாஜி வரை: லிபர்டேரியன் சிந்தனையாளர்களைக் கொங்கு நாட்டிலிருந்து படிப்பது எப்படி?

லிபர்டேரியன் சிந்தனையாளர்களில் முக்கியமானவர்கள் யார், அவர்கள் எல்லோரும் பணக்காரர்களுக்காகப் பேசுகிறவர்கள்தானா, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் குடும்பத்திலிருந்து பொருளாதாரம் படிக்க வந்திருக்கும் நான் யாரிடமிருந்து தொடங்கலாம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. இவர்களில் உருப்படியானவர்கள் யாரும் முதலாளிகளுக்காகப் பேசவில்லை. ஒரு மனிதனின் உழைப்பு, உடைமை, முடிவு ஆகியவற்றில் இன்னொருவர் பலவந்தமாகத் தலையிடக் கூடாது என்பதே இவர்களின் அடிப்படை. அந்தப் பலவந்தம் பெரும்பாலும் அரசிடமிருந்து வருகிறது என்று இவர்கள் நினைத்தார்கள். ஆனால் அரசிடம் போய்ச் சலுகை வாங்கும் முதலாளியையும் இவர்கள் அதே கண்ணால்தான் பார்த்தார்கள். வியாபாரத்துக்கு ஆதரவு வேறு, சந்தைக்கு ஆதரவு வேறு. இந்த வித்தியாசம் பிடிபடாமல் எத்தனை புத்தகம் படித்தாலும் பயனில்லை.

உங்களுக்கு ஹாயெக்கிடமிருந்து தொடங்குவது சுலபம் என்று நினைக்கிறேன். ஃபிரெட்ரிக் ஹாயெக் 1899-ல் வியன்னாவில் பிறந்தவர். 1944-ல் வந்த ‘அடிமைத்தனத்துக்கான பாதை’ நூலால் உலகப்புகழ் பெற்றார். 1974-ல் குன்னர் மிர்டாலோடு சேர்ந்து பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அந்தப் புகழ்பெற்ற நூலைவிட, அடுத்த ஆண்டு, அதாவது 1945-ல், அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சமூகத்தில் அறிவு எப்படிப் பயன்படுகிறது என்பது அதன் பொருள். ஒரு பொருளாதாரத்தை நடத்தத் தேவையான விவரம் எந்த ஒரு மூளையிலும், எந்த ஒரு அலுவலகத்திலும் முழுதாக இருப்பதில்லை. அது ஆயிரக்கணக்கான பேரிடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டித் தரும் ஏற்பாடுதான் விலை என்கிறார். உலகில் எங்கோ ஓரிடத்தில் வெள்ளீயம் தட்டுப்பாடாகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் என்ன என்று வெள்ளீயம் பயன்படுத்துகிறவர் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. விலை ஏறுகிறது, அவர் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் உங்களுக்குத் திருப்பூர் ஞாபகம் வர வேண்டும். ஒரு டீ-சர்ட் ஆர்டர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நூல் ஒரு மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஒருவர், சாயம் இன்னொருவர், துணி சுருங்காமல் அழுத்தித் தரும் காம்பாக்டிங் வேறொருவர், பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் தனித்தனி ஆட்கள். கட்டிங் முடிந்து, தைக்கும் இடமான பவர்டேபிளுக்குப் போனால் அங்கே ஒரு கான்ட்ராக்டர். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஓவர்லாக் டெய்லர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள், எந்தப் பட்டறையில் கருப்புச் சாயம் ஷேடு மாறாமல் வரும், எந்த பையர் கடைசி நேரத்தில் பணத்துக்கு இழுத்தடிப்பார் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் தெரிந்து வைத்திருக்கும் சங்கதிகள். இவை எந்தக் கோப்பிலும் இல்லை. எந்த அதிகாரியும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்டாலும் அவர் எழுதி முடிப்பதற்குள் நிலவரம் மாறியிருக்கும். மாதத்தின் முதல் தேதி மில்கள் நூல் விலையை அறிவித்தவுடன் இத்தனை பேரும் தங்கள் கணக்கைத் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள். ஹாயெக் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அவருடைய ஆசான் ஸ்தானத்தில் இருந்த லுட்விக் வான் மிசஸ் இதற்கு 25 ஆண்டுகள் முன்பே, 1920-ல், இன்னும் கறாராக ஒன்றைச் சொல்லியிருந்தார். இயந்திரம், நிலம், கச்சாப்பொருள் எல்லாம் அரசுடைமையானால் அவற்றுக்கு உண்மையான விலை இருக்காது. விலை இல்லாவிட்டால் எதை எதில் போட்டால் லாபம், எது விரயம் என்று கணக்குப் போடவே முடியாது என்றார். சோவியத் யூனியன் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது அது. பலர் சிரித்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பரிசீலிக்க அரசு பொருளாதார நிபுணர்கள் குழு ஒன்றை அமைத்தது. 1955-ல் குழுவிலிருந்த மற்றவர்கள் எல்லாம் ஒத்துப்போனபோது, பி.ஆர். ஷெனாய் என்ற ஒருவர் மட்டும் மாற்றுக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். இவ்வளவு பெரிய திட்டத்துக்குச் சேமிப்பு போதாது, பற்றாக்குறையை நோட்டு அடித்து நிரப்பினால் விலைவாசி ஏறும், கட்டுப்பாடுகள் பெருகும், அது ஜனநாயகத்துக்கே நல்லதல்ல என்பது அதன் சாரம். அதே ஆண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் டெல்லிக்கு வந்து ஒரு குறிப்பு கொடுத்தார். அதுவும் அலமாரிக்குள் போயிற்று. 1957-லேயே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. 1966 ஜூனில் டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆனது. ஷெனாய் எழுதியதை இன்று வாசித்தால், ஒரு மனிதர் தன் துறையின் மொத்தக் கருத்துக்கும் எதிராக நிதானமாக நின்று எழுதியிருப்பது தெரியும். இந்தியாவில் இந்தச் சிந்தனைக்கு முதல் மரியாதை கொடுக்க வேண்டுமென்றால் நான் அவருக்குத்தான் கொடுப்பேன்.

அந்தக் கட்டுப்பாடுகள் நம் ஊரில் என்ன செய்தன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பின்னலாடை உற்பத்தி பல ஆண்டுகள் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தில் இவ்வளவுக்கு மேல் முதலீடு போட்டால் சிறுதொழில் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். அதனால் வளர நினைத்தவர் ஒரே கம்பெனியைப் பெரிதாக்குவதற்குப் பதில் மனைவி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று பிரித்துக்கொண்டார். 2005-ல்தான் இந்த ஒதுக்கீடு நீங்கியது. இன்னொரு பக்கம் அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1974 முதல் துணி இறக்குமதிக்குக் கோட்டா வைத்திருந்தன. அதுவும் 2005 ஜனவரி 1-ல் முடிந்தது. சிறுதொழிலைக் காப்பாற்ற நம் அரசு வைத்த வேலியும், தங்கள் மில்களைக் காப்பாற்ற அவர்கள் வைத்த வேலியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழுந்தன. திருப்பூர் அதன்பிறகு எப்படி விரிந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இங்கே ஃபிரெடெரிக் பாஸ்தியாவைச் சொல்லாமல் நகர முடியாது. 1801-ல் பிறந்து 1850-ல் இறந்த பிரெஞ்சுக்காரர். சூரிய வெளிச்சம் தங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறது, எல்லோரும் ஜன்னலை மூடும்படி சட்டம் போடுங்கள் என்று மெழுகுவர்த்தி வியாபாரிகள் அரசிடம் மனுக் கொடுப்பதாக 1845-ல் அவர் எழுதியது இன்றும் வாசிக்கப்படுகிறது. சாகும் ஆண்டில் எழுதிய இன்னொரு கட்டுரையில், ஒரு சட்டத்தின் பலனில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்க்காதே, தெரியாமல் போவதையும் சேர்த்துக் கணக்கெடு என்கிறார்.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, பஞ்சு மே மாதத்தில் லட்ச ரூபாயைத் தொட்டது. நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூர் இரண்டு நாள் கதவடைத்தது. முந்தைய ஆண்டு பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்குப் போட்டிருந்த 11 சதவீத இறக்குமதி வரியை நீக்க வேண்டும் என்று நம்மவர்கள் கேட்டார்கள்; ஏப்ரலில் அது தற்காலிகமாக நீக்கப்பட்டது. அந்தக் கோரிக்கையோடு பாஸ்தியா முழுக்க உடன்பட்டிருப்பார். ஆனால் கூடவே இன்னொரு கோரிக்கையும் எழுந்தது: பஞ்சும் நூலும் வெளிநாட்டுக்குப் போவதைத் தடுங்கள் என்று. அதை அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். நம் பனியன் வெளிநாட்டுக்குப் போகலாம், விதர்பா விவசாயியின் பஞ்சு மட்டும் போகக் கூடாது என்றால் அது எந்த நியாயம்? நமக்குக் குறைந்த விலையில் நூல் கிடைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே ஒரு குடும்பத்துக்குக் கிடைக்காமல் போன விலை தெரிவதில்லை.

இதை இந்தியாவில் உரக்கச் சொன்னவர் மகாராஷ்டிரத்தின் சரத் ஜோஷி (1935–2015). சுவிட்சர்லாந்தில் சர்வதேசத் தபால் அமைப்பில் வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டுப் புனே அருகே நிலம் வாங்கி விவசாயம் செய்தார். வெங்காயத்துக்கு விலை ஏறும்போதெல்லாம் ஏற்றுமதித் தடை வருகிறது, விலை விழும்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதைச் சொந்த வயலில் கண்டார். ஷேத்கரி சங்கட்டனா என்ற விவசாயிகள் அமைப்பு அப்படிப் பிறந்தது. பிச்சை வேண்டாம், எங்கள் வியர்வைக்கு விலை கொடு என்பதே அதன் முழக்கம். ஒரு கையால் மானியம் கொடுத்து, கட்டுப்பாடு போட்டு இன்னொரு கையால் பறிக்காதே என்றார். விவசாயக் குடும்பங்களில் பெண்கள் பெயருக்கு நிலத்தை எழுதிவைக்கச் சொல்லி அவர் நடத்திய இயக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், உடைமை உரிமை என்று அவர் பேசியது மேடைப் பேச்சுக்காக இல்லை என்று தெரியும்.

நம் பக்கத்தில் இதே காலத்தில் நின்றவர் விவசாயிகள் சங்கத் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு. அவரை லிபர்டேரியன் என்று சொல்ல முடியாது. 1970-ல் விவசாய மின்கட்டணத்தை உயர்த்தியதை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் எழுந்தபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. 1972-ல் மாட்டுவண்டிகளால் கோவை நகரமே நின்றது. விவசாயியை அரசு சுரண்டுகிறது என்ற கோபத்தில் அவரும் ஜோஷியும் ஒன்று. முடிவு மட்டும் வேறு திசையில் போய்விட்டது. நம் மாநிலத்தில் அந்தக் கோபத்துக்குக் கிடைத்த பதில் இலவச மின்சாரம். என் அபிப்பிராயத்தில் அது விவசாயிக்கு நியாயமான விலை கொடுக்காமல் இருப்பதற்கு அரசு செலுத்திய ஈடு. விலையே இல்லாத மின்சாரம் தண்ணீர் எவ்வளவு அருகிவிட்டது என்பதை யாருக்கும் சொல்லாது. போர்வெல் ஆயிரம் அடிக்குக் கீழே போனபிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதைச் சொன்னால் நம் பக்கத்தில் நிறையப் பேருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கிணறு வற்றிப்போய்த் தோட்டத்தை விற்றவர்களும் அதே விவசாயிகள்தான்.

இனி ராஜாஜி. தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்தவர். 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. நிலம் விவசாயியின் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தவர்களைத் திரட்டி, அதே ஆண்டு, எண்பது வயதில், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். என்.ஜி. ரங்கா தலைவர், சோஷலிஸ்டாகத் தொடங்கி மனம் மாறிய மினூ மசானி பெரும் துணை. தொழில் நடத்த எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதி கேட்க வேண்டியிருந்த நிலைக்குப் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி வைத்த பெயர் நிலைத்துவிட்டது. 1962-ல் மக்களவையில் 18 இடம், 1967-ல் 44 இடம் பெற்றுப் பெரிய எதிர்க்கட்சியானது. அவர் 1972-ல் மறைந்தார். 1974-ல் கட்சி வேறொரு கட்சியில் கரைந்தது. 1991-ல் லைசென்ஸ் முறை கலைக்கப்பட்டபோது அவர் பெயரைச் சொல்லக்கூட அவருக்கென்று ஒரு கட்சி இல்லை.

ஆனால் ராஜாஜியை முழுசாகப் பார்க்க வேண்டும். 1952-ல் சென்னை மாநில முதல்வராக உணவு தானியக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கினார்; பஞ்சம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் வாயடைத்துப் போனார்கள். அது அவருடைய கொள்கைக்குப் பொருந்தியது. அதே மனிதர் 1937-ல் சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கினார். 1953-ல் பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோர் தொழில் என்ற கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்து, அதற்கு எழுந்த எதிர்ப்பில் அடுத்த ஆண்டு பதவி விலகினார். ஒரு சலவைத் தொழிலாளியின் பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்று சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து தீர்மானிப்பதும், ஒரு மில் எத்தனை கதிர் ஓட்ட வேண்டும் என்று டெல்லியில் தீர்மானிப்பதும் ஒரே தவறுதான். முதலாவதை அவர் தவறாகப் பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர் ஈரோட்டில் இருந்தார். பெரியாரை லிபர்டேரியன் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை, சேர்க்கவும் முடியாது. 1932-ல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சமதர்மம் பேசியவர். ஆனால் 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டின் தீர்மானங்களை எடுத்து வாசியுங்கள். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, பிடிக்காவிட்டால் பிரியும் உரிமை. புரோகிதர் இல்லாமல் இரண்டு பேர் சேர்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தமாகக் கல்யாணத்தைப் பார்த்தது அந்த இயக்கம். தனிமனிதன் தன் வாழ்க்கையைத் தானே முடிவுசெய்யட்டும் என்ற கருத்தை இவ்வளவு தூரம் கொண்டுபோனவர்கள் மேல்நாட்டிலேயே அன்றைக்குக் குறைவு.

நான் சொல்ல வருவது இதுதான். ராஜாஜி அரசின் பிடியைப் பார்த்தார், ஊரின் பிடியைப் பார்க்கவில்லை. பெரியார் ஊரின் பிடியைப் பார்த்தார், அரசின் பிடி அவரை அவ்வளவு உறுத்தவில்லை. கொங்கு நாட்டில் சுதந்திரம் பற்றிப் பேசுகிறவர் இரண்டையும் சேர்த்துப் பேசாவிட்டால் பாதிதான் பேசுகிறார். உடுமலைப்பேட்டையில் 2016-ல் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், சாதி மாறிக் கல்யாணம் செய்த ஒரு இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய சுதந்திரத்தைப் பறித்தது எந்த லைசென்ஸ் அலுவலகமும் இல்லை. அமெரிக்க லிபர்டேரியன் நூல்களில் இதற்கு இடம் மிகக் குறைவு. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் மட்டும் 1859-லேயே, சமூகமே கொடுங்கோலனாக மாறலாம், அது சட்டத்தைவிட ஆழமாக உள்ளே புகுந்து மனிதனை அடிமைப்படுத்தும் என்று எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியில் 35 ஆண்டுகள் வேலை பார்த்த அவர், பின்தங்கிய சமூகங்களுக்குத் தன் கொள்கை பொருந்தாது என்றும் அதே நூலில் எழுதினார். அதைத் தள்ளிவிட்டு முன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது அவருடைய நாட்டைவிடவும் அதிகமாகத் தேவை.

அயன் ராண்டைப் பலரும் முதலில் படிக்கிறார்கள். 1957-ல் வந்த பெரிய நாவலால் லட்சக்கணக்கானவர்களை இந்தப் பக்கம் இழுத்தவர், ஆனால் லிபர்டேரியன் என்ற அடையாளத்தை அவரே ஏற்கவில்லை. தனி ஆளின் சாதனையை அவர் கொண்டாடும் அளவுக்கு, பத்துப் பேர் ஜாப் வொர்க் செய்து ஒரு சட்டை உருவாகும் உலகம் அவர் எழுத்தில் தெரிவதில்லை. ராபர்ட் நோசிக்கின் 1974 நூல் தத்துவம் படிப்பவர்களுக்கு அவசியம். உங்களுக்கு இரண்டாம் ஆண்டில் படித்தால் போதும். ஃபிரீட்மனின் 1962 நூலில் ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கச் சொல்லும் பகுதியைத் தவறவிடாதீர்கள். இவர்கள் ஏழைகளைப் பற்றி நினைக்கவே இல்லை என்பவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது.

கடைசியாக நொய்யல். வெள்ளியங்கிரி மலையிலிருந்து வரும் ஆறு திருப்பூரைத் தாண்டும்போது சாயத் தண்ணீராகிப் போன கதை உங்களுக்குத் தெரியும். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவைத் தேக்கும் குட்டையானது. திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தென்னை கருகியது, கிணற்றுத் தண்ணீரை மாடு குடிக்கவில்லை. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2006-ல் சொன்னது. நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது நம் ஊரில் எத்தனையோ பேர், தொழிலை அரசும் கோர்ட்டும் நசுக்குகின்றன, தொழில் சுதந்திரம் போச்சு என்று பேசினார்கள்.

லிபர்டேரியன்களிலேயே தீவிரமானவர், அரசே வேண்டாம் என்றவர், மர்ரே ராத்பார்ட். அவர் 1982-ல் மாசு பற்றி எழுதிய நீண்ட கட்டுரை இந்த வழக்கில் யார் பக்கம் நிற்கும் தெரியுமா? விவசாயி பக்கம். உன் கழிவு அவன் நிலத்துக்குள் போனால் அது அத்துமீறல், நீதிமன்றம் தடுக்க வேண்டும், நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருகிறது என்று சமாதானம் சொல்லி அவன் உரிமையைப் பறிக்கக் கூடாது என்பது அவர் வாதம். பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1960-ல் இதை வேறு விதமாகப் பார்த்தார்: உரிமை யாருடையது என்று தெளிவாக இருந்து, பேசித் தீர்க்கும் செலவும் குறைவாக இருந்தால் இரண்டு பக்கமும் உடன்பாட்டுக்கு வரலாம். நொய்யல் கரையில் ஆயிரக்கணக்கான விவசாயிகளும் நூற்றுக்கணக்கான பட்டறைகளும் இருக்கும்போது அப்படிப் பேசித் தீர்ப்பது நடக்காத காரியம், அதனால்தான் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. ஆக, சுதந்திரச் சந்தையின் பேரைச் சொல்லி ஆற்றில் சாயத்தை விட்டவருக்கு இந்தச் சிந்தனையாளர்களில் ஒருவர்கூட வக்காலத்து வாங்க மாட்டார். பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அதையும் ராத்பார்ட் ஏற்றிருக்க மாட்டார்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பாஸ்தியாவின் 1850 கட்டுரை, அதன்பிறகு ஹாயெக்கின் 1945 கட்டுரை, அதன்பிறகு ஷெனாயின் மாற்றுக் குறிப்பு. மூன்றுமே சிறியவை, ஒரு வாரத்தில் முடிக்கலாம். பிறகு மில், அவரோடு சேர்த்தே செங்கல்பட்டுத் தீர்மானங்கள். இவற்றைப் படிக்கும் நாட்களில் உங்கள் கம்பெனியின் ஒரு காஸ்டிங் ஷீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நூல், நிட்டிங், சாயம், சுத்திகரிப்புக் கட்டணம், பீஸ் ரேட், மின்சாரம், ஜிஎஸ்டி, ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரியான டிராபேக் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே, இந்த விலையை நிர்ணயித்தது சந்தையா, அரசா, அல்லது கேட்கத் தைரியமில்லாத ஒரு ஆளிடம் நாம் குறைத்துக்கொண்டதா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். குறித்து முடித்ததும் அனுப்புங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.